ஓட்டு வீடு

புக்கிட் தீமாவின் உயரம் 164 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. சிங்கப்பூரில் இயற்கையாக எழும்பியவற்றில் அதுதான் உச்சி. டக்ஸ்டனில் நிற்கும் ஐம்பது மாடி வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடத்தின் உயரம் 156 மீட்டர். அதன் மேல்மாடியில் குடியிருப்பவர் பல் தேய்த்துக்கொண்டே நாட்டின் மிக உயர்ந்த மலையைக் கிட்டத்தட்ட நேருக்கு நேர் பார்த்து நலம் விசாரிக்கலாம். இப்படிப்பட்ட ஊரில் பிறந்து மின்தூக்கியில் வளர்ந்த எங்கள் இரண்டு பிள்ளைகளுக்கும் மலை என்றால் என்னவென்று காட்டியே தீர வேண்டும் என்று என் கணவர் ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அறிவித்தார். மகள் உயர்நிலை இரண்டு. மகன் தொடக்கநிலை ஐந்து. அடுத்த வருடம் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு, பிஎஸ்எல்இ. "இந்த டிசம்பரை விட்டா அப்புறம் மலை கிடையாது, கணக்குதான்" என்றார். அந்த வாதத்துக்கு எந்தச் சிங்கப்பூர்த் தாயிடமும் பதில் இருக்காது.

எங்கே போவது என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை. நியூசிலாந்து. தேசிய சேவையில் அவர் பீரங்கிப் படை. நம் பீரங்கிகள் வாய் திறந்தால் குண்டு இந்தத் தீவுக்குள் விழ இடம் போதாது என்பதால், சுடுவதற்கென்றே வீரர்களை நியூசிலாந்தின் வையூருவுக்கு அழைத்துப் போவார்கள். இவரும் போயிருக்கிறார். அதிலிருந்து "நியூசிலாந்து எனக்குத் தெரியும்" என்பது எங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். விசாரித்துப் பார்த்ததில் அவருக்குத் தெரிந்த நியூசிலாந்தில் ஒரு குழி, நிறைய மழை, பொட்டலச் சாப்பாடு ஆகியவை இருந்தன. அதுவும் வடக்குத் தீவில். நாங்கள் போகவிருந்த மலைகள் தெற்குத் தீவில்.

முகாம் அனுபவம் எங்களுக்கு அறவே கிடையாது என்று சொல்லிவிட முடியாது. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கூடாரம் போட்டிருக்கிறோம். அதற்கு அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், குறித்த பகுதியில்தான் போட வேண்டும். தலைக்கு மேல் சாங்கிக்கு இறங்கும் விமானங்கள், நடக்கிற தூரத்தில் சாத்தே, இரவு பத்து மணிக்குக் கூடாரம் தேடி வந்து பிரியாணி கொடுத்துவிட்டுப் போன மோட்டார் சைக்கிள்காரர். காட்டு வாழ்க்கை என்றால் இவ்வளவுதான் என்று பிள்ளைகள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

அத்தையை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதுதான் பெரிய கேள்வியாக இருந்தது. என் மாமியார் செம்பவாங் கடற்படைத் தளத்துத் தொழிலாளர் குடியிருப்பில் பிறந்தவர். அவருடைய அப்பா கப்பல்பட்டறையில் வேலை பார்த்தவர். தளம் கைமாறியது, பட்டறை பெயர் மாறியது, வெள்ளைக்காரன் போனான், எம்ஆர்டி வந்தது. அத்தை மட்டும் செம்பவாங்கை விட்டு நகரவில்லை. தேக்காவுக்குப் போவதையே 'டவுனுக்குப் போயிட்டு வரேன்' என்று இரண்டு நாள் முன்னதாகச் சொல்லி வைப்பார். அவரைப் பத்து மணி நேர விமானத்தில் ஏற்றி, ஒரு வேனுக்குள் படுக்க வைத்து, பனிமலைக்கு ஓட்டிக்கொண்டு போவதென்றால்?

"நியூசிலாந்தா? தாராளமா போவோமே" என்றார் அத்தை. "அந்த ஆளுங்க நம்ம ஆளுங்கதானே."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது வெறும் பேச்சல்ல. செம்பவாங் சாலையில் இருக்கும் டியெப் முகாமில் 1989 வரை நியூசிலாந்துக் காலாட்படை இருந்தது. அந்த வீரர்கள் அரைக்கால் சட்டையோடு ஓடுவதையும், கடைத்தெருவில் பீர் வாங்குவதையும், வெயிலில் உரிந்த தோளோடு பேருந்துக்கு நிற்பதையும் பார்த்துத்தான் அத்தை வளர்ந்தார், கல்யாணம் பண்ணினார், பிள்ளை பெற்றார். கடற்படைத் தளத்துச் சாலைகளுக்கு வெள்ளைக்காரன் தன் சாம்ராஜ்யம் முழுவதையும் கூட்டிவந்து பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான்: கான்பரா, மாண்ட்ரியல், டர்பன், ஜிப்ரால்டர். வெல்லிங்டன் சர்க்கிளில் ஒரு தொடக்கப்பள்ளியே இருக்கிறது. அத்தையைப் பொறுத்தவரை வெல்லிங்டன் என்பது பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கீரை வாங்கிக்கொண்டு திரும்பும் தூரம்.

சாமான் கட்டும் படலம் மூன்று வாரம் நடந்தது. முஸ்தபாவில் ஒரு ரவுண்டு, தேக்கா பாசாரில் ஒரு ரவுண்டு. என் கணவர் வாங்கியவை: தலையில் கட்டும் டார்ச், நாலு விதக் கயிறு, திசைகாட்டி. அத்தை வாங்கியவை: குட்டி மிக்சி, குட்டி இட்லிப் பாத்திரம், மூன்று லிட்டர் குக்கர். கடைசி நாள் காலையில் எங்கள் புளோக் காரிடாரில் தொட்டியில் வளரும் கறிவேப்பிலையிலிருந்து ஒரு கட்டு பறித்துச் செய்தித்தாளில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

கிறைஸ்ட்சர்ச்சில் இறங்குவதற்கு முன் ஒரு படிவம். உணவுப் பொருள் எதுவும் கொண்டு வந்திருக்கிறீர்களா? மறைத்தால் 400 நியூசிலாந்து டாலர் அபராதம். அபராதம் என்ற சொல்லைப் பார்த்ததும் எங்கள் குடும்பத்தின் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதுவரை அந்நிய தேசமாக இருந்தது, சட்டென்று பழகிய இடமாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் 'ஆம்' போட்டோம்.

ஆம் போட்டவர்களுக்குத் தனி வரிசை. அதிகாரி ஒரு பெண்மணி. அத்தையின் பையை மேசையில் கவிழ்த்து ஒவ்வொன்றாக விசாரித்தார். கடையில் முத்திரையிட்டு வாங்கிய பொடிகளெல்லாம் தப்பின. செய்தித்தாள் கட்டைப் பிரித்ததும் அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். கறிவேப்பிலைச் செடியில் தங்கும் ஒரு பூச்சி எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பக்கூடியது. பழத்தோட்டங்களை வைத்துப் பிழைக்கும் நாடு அதை உள்ளே விடாது. இதை அவர் பொறுமையாக விளக்க, நான் தமிழில் சொல்ல, அத்தை "எங்க காரிடார் அவ்வளவு சுத்தம்னு சொல்லும்மா" என்றார். சொன்னேன். அதிகாரி புன்னகையோடு கட்டைத் தொட்டிக்குள் போட்டார். முன்கூட்டியே சொல்லிவிட்டதால் அபராதம் இல்லை.

அடுத்து என் கணவருடைய பூட்ஸ். ராணுவத்தில் கொடுத்தது, பதினைந்து வருடமாகப் பாதுகாத்து வைத்தது. அதன் அடியில் மண்டாய்க் காட்டு மண் இருந்தது. அதிகாரி அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கழுவித் துடைத்து, ஈரம் சொட்ட ஒரு பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து நான் சொல்லி நடக்காத காரியம்.

வேனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஏழு மீட்டர் நீளம், மூன்று மீட்டருக்கு மேல் உயரம், ஆறு பேர் படுக்கலாம் என்று விளம்பரம். ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு பரண், அதில் பிள்ளைகள். நடுவில் சாப்பாட்டு மேசை. இரவில் அதை இறக்கி மெத்தை பரப்பினால் அத்தையின் கட்டில். பின்னால் உள்ள ப-வடிவ இருக்கை எங்கள் படுக்கையறை. பக்கவாட்டில் மூன்று அடுப்பு, ஒரு தொட்டி, ஒரு குளிர்பெட்டி. அதற்கு எதிரே, கையை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், ஒரு குறுகிய கதவு. அத்தை அதைத் திறந்து பார்த்தார். மூடினார். மறுபடி திறந்து பார்த்தார்.

"இது என்ன?"

"டாய்லெட் அத்தை."

"அடுப்புக்கு எதிர்லயா?"

"ஆமா."

"குளிக்கிறது?"

"அதே இடத்துலதான்."

அத்தை பிறந்த குடியிருப்பில் கழிவறை வரிசை வீடுகளின் பின்னால், நடந்து போகும் தூரத்தில் இருந்தது. அது வீட்டுக்குள் வந்ததையே அவர் தலைமுறை ஒரு சமரசமாகத்தான் ஏற்றுக்கொண்டது. இப்போது அது ரசம் கொதிக்கும் இடத்துக்கு இரண்டடி தள்ளி வந்து நின்றது. அத்தை அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: இந்த வண்டி ஓடுகிற வரைக்கும் இந்தக் கதவை யாரும் திறக்கக் கூடாது. வழியெல்லாம் பொதுக் கழிப்பறை இருக்குமாம், அங்கே போய்க்கொள்ளலாம்.

வாடகை நிலையத்து இளைஞர் முக்கால் மணி நேரம் பாடம் எடுத்தார். நல்ல தண்ணீர் இந்தத் தொட்டியில், அழுக்குத் தண்ணீர் அந்தத் தொட்டியில். கழிவு, அடியில் இருக்கும் இந்தப் பெட்டியில். இழுத்தால் சக்கரத்தோடு வெளியே வரும். அதைக் கண்ட இடத்தில் கொட்டக் கூடாது, அதற்கென்று உள்ள நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். ஓடும்போது எரிவாயுக் குமிழை மூட வேண்டும். ஓடும்போது யாரும் எழுந்து நடக்கக் கூடாது. டீசலுக்குச் சாலை வரி பம்பில் கிடையாது. ஓடிய கிலோமீட்டரைக் கணக்கிட்டுக் கடைசியில் வாங்கிக்கொள்வார்கள். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் இந்தச் சான்றிதழைக் கிழிக்கக் கூடாது. என் கணவர் குறிப்பெடுத்தார். மகள் வீடியோ எடுத்தாள். மகன் கேள்வி கேட்டான்.

அந்தச் சான்றிதழைப் பற்றி ஒரு வார்த்தை. விளம்பரப் படங்களில் ஏரிக்கரையில் தன்னந்தனியாக ஒரு வேன் நிற்கும். பக்கத்தில் மடக்கு நாற்காலியில் ஒரு ஜோடி. அதற்குச் 'சுதந்திர முகாம்' என்று பெயர். அந்தச் சுதந்திரத்துக்கு 2011-ல் ஒரு சட்டம் போட்டார்கள். 2023-ல் அதைத் திருத்தி, வண்டிக்குள் நிலையாகப் பொருத்திய கழிவறை இருந்து, அதை ஒருவர் வந்து சோதித்துச் சான்று கொடுத்தால்தான் ஊராட்சி இடங்களில் அப்படித் தங்கலாம் என்று இறுக்கினார்கள். எங்கே தங்கலாம், எத்தனை இரவு, எத்தனை வண்டி என்பதற்கு ஊருக்கு ஊர் பலகை. மீறினால் அபராதச் சீட்டு. சுதந்திரத்தைத் தேடி இந்த நாட்டுக்கு வந்த ஐரோப்பிய இளைஞர்கள் இந்தப் பலகைகளைப் பார்த்து முகம் சுளிப்பதை வழியெல்லாம் கண்டேன். எங்களுக்கோ பரம நிம்மதி. சாப்பிட்ட தட்டைத் திருப்பி வைக்காவிட்டால் அபராதம் என்ற ஊரிலிருந்து வருகிறோம். எதைச் செய்யக் கூடாது என்று பலகை போடாத இடத்தில்தான் எங்களுக்குக் கை கால் ஓடாது. கேம்பர்வேன் வாழ்க்கை சிங்கப்பூர்க்காரர்களுக்கு இவ்வளவு பிடித்துப் போனதற்கு மலையும் ஏரியும் காரணம் என்று சுற்றுலாத் துறையினர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

வண்டி கிளம்பியது. முதல் ரவுண்டானாவில் மேல் அலமாரி ஒன்று திறந்தது. கடுகு டப்பா வெளியே குதித்து, மூடி ஒரு பக்கம், கடுகு எல்லாப் பக்கமும். யாரும் எழுந்து நடக்கக் கூடாது என்பது விதி. பெல்ட் போட்டபடி நான்கு பேரும் அது உருள்வதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வளைவு இடப்பக்கம் திரும்பினால் கடுகு வலப்பக்கம் போனது. ஏற்றத்தில் பின்னால், இறக்கத்தில் முன்னால். அந்தப் பயணம் முழுக்க எதை மிதித்தாலும் கடுகு. காலுறைக்குள் கடுகு, தலையணை உறைக்குள் கடுகு.

சாலை இடப்பக்கம்தான், நம் உரிமமும் செல்லும். அந்தத் துணிவில் இவர் மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் அந்த வீட்டை ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு ஊர்வலம் சேர்ந்தது: மாட்டுப்பண்ணை லாரி, படகு இழுக்கும் ஜீப், ஒரு பாட்டியம்மாவின் சிறிய கார். மெதுவாகப் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததை மகன் படித்துக் காட்ட, இவர் ஒதுங்கினார். ஒவ்வொருவரும் கையசைத்துக் கடந்தார்கள். ஹாரன் இல்லை. "பாத்தியா, எவ்வளவு மரியாதை" என்றார். கையசைத்த விதத்தை நான் பார்த்தேன். எல்லாமே மரியாதை என்று சொல்வதற்கில்லை.

ஒற்றைத் தடப் பாலங்கள் அந்த நாட்டின் தனிச்சிறப்பு. ஆறு அகலமாக இருக்கும், பாலம் ஒரு வண்டி போகும் அகலம். யாருக்கு முன்னுரிமை என்று அம்புக்குறி சொல்லும். முன்னுரிமை எங்களுக்கு இருந்த பாலத்திலும் இவர் நின்றுவிடுவார். எதிரே வருகிறவர் சட்டப்படி நின்றிருப்பார். இரண்டு வண்டியும் நின்றுகொண்டு ஒன்றையொன்று 'நீங்க போங்க' என்று கெஞ்சும். அத்தைதான் ஒருமுறை கடைசியில் பொறுமையிழந்து, "என்ன தம்பி, பந்தியில உட்கார வைக்கிற மாதிரி உபசாரம் பண்ணிக்கிட்டு இருக்கே" என்றார்.

டெகாப்போ ஏரிக்குப் போய்ச் சேர்ந்த அன்று திருக்கார்த்திகை. இதில் ஒரு சங்கடம். அந்த வட்டாரம் 2012 முதல் பன்னாட்டு இருள்வானக் காப்பகம். சிங்கப்பூரைப் போல ஏறத்தாழ ஆறு மடங்கு பரப்பு. மலைமேல் இருக்கும் வானாய்வு நிலையத்துக்காக அங்கே 1980-களின் தொடக்கத்திலிருந்தே விளக்குகளுக்குக் கட்டுப்பாடு. தெருவிளக்கெல்லாம் தலைகுனிந்து நிற்கும். ஒளி மேலே போகக் கூடாது. உலகத்திலேயே வெளிச்சத்தை இவ்வளவு கறாராக ஒடுக்கி வைத்திருக்கும் இடத்தில், வீடெல்லாம் விளக்கேற்றும் நாளில் நாங்கள் போய் இறங்கினோம்.

வண்டிக்குள் நெருப்பு விளக்கு கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அத்தைக்காகத் தேக்காவிலேயே பேட்டரி அகல்விளக்குகள் வாங்கி வைத்திருந்தேன். "சாமிக்கே பேட்டரியா" என்றவர், வேறு வழியில்லாமல் சம்மதித்தார். அடுத்த பிரச்சினை, பொழுது சாயவில்லை. சிங்கப்பூரில் வருடம் முழுவதும் ஏழு மணிக்குச் சூரியன் அலுவலகம் முடித்துக் கிளம்பிவிடும். இங்கே ஏழு மணிக்கு நடுப்பகல் வெயில். எட்டு மணிக்கும் வெயில். அத்தை குளித்து, புடவை மாற்றி, ஸ்வெட்டர் போட்டு, குங்குமம் வைத்துக்கொண்டு, அப்பம் சுட்டு அடுக்கிவிட்டு, விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பசி தாங்காமல் அப்பத்தைச் சுற்றி வந்தார்கள். "விளக்கேத்தாம எப்படிடா?" ஒன்பதுக்கு மேல்தான் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியது.

ஜன்னல் விளிம்பெல்லாம் விளக்கு வைத்தோம். கொஞ்ச நேரத்தில் முகாமைக் கவனித்துக்கொள்கிற பெரியவர் டார்ச்சோடு வந்தார். டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. என் கணவர் முகம் வெளுத்துவிட்டது. கை தானாகப் பணப்பையைத் தேடியது.

"பிறந்தநாளா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லை, விளக்குத் திருநாள்."

"அது போன மாதம் முடிந்துவிட்டதே? கிறைஸ்ட்சர்ச்சில் என் பேத்தி போய் ஆடிவிட்டு வந்தாள்."

"அது வேற விளக்குத் திருநாள். இது இன்னொன்று."

அவர் சற்று யோசித்தார். "மொத்தம் எத்தனை வைத்திருக்கிறீர்கள்?" என்றார். அத்தை அதற்குள் ஒரு தட்டில் அப்பத்தோடு வெளியே வந்துவிட்டார். அவர் ஒன்றைத் தின்றார், இன்னொன்றையும் தின்றார். விளக்கு இருக்கட்டும், திரையை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். நட்சத்திரம் பார்க்கப் போனவர்களுக்கு அன்று எதுவும் கிடைக்கவில்லை. கார்த்திகைப் பௌர்ணமி. நிலா ஏரி முழுவதையும் பகலாக்கிவிட்டது. எந்த ஊராட்சி விதிக்கும் அது கட்டுப்படவில்லை.

மறுநாள் காலை பொது அடுப்படியில் மின்சாரம் கிடைத்ததும் அத்தை குட்டி மிக்சியை எடுத்தார். கிறைஸ்ட்சர்ச்சிலேயே ஒரு இந்தியக் கடையில் அரிசியும் உளுந்தும் வாங்கியாகிவிட்டது. ஊறவைத்த பாத்திரம் இரவெல்லாம் என் தலைமாட்டில் இருந்தது. அரைக்கும் சத்தத்தில், பக்கத்தில் ஓட்ஸ் கிண்டிக்கொண்டிருந்த ஜெர்மன்காரர் தன் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அங்கிருந்து புக்காக்கி ஏரி. அந்த நீலத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. தண்ணீரில் பால் கலந்து நீலம் போட்ட மாதிரி. வண்டியை நிறுத்திக் கணவர் விளக்கினார். மலையில் பனியாறு நகரும்போது அடியில் உள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்தத் தூள் தண்ணீரில் கரையாமல் மிதக்கிறது. வெயில் அதில் பட்டு இப்படித் தெரிகிறது. "கிரைண்டர் கல்லு மாதிரியா?" என்றார் அத்தை. ஆமாம், கல்லும் பனியும் சேர்ந்த கிரைண்டர், பல்லாயிரம் வருடமாக நிறுத்தாமல் ஓடுகிறது என்றார் இவர். அத்தை ஏரியைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி கொஞ்சம் ஜாஸ்தியா விட்டுட்டாங்க."

ஏரியை ஒட்டி மலைக்குப் போகும் சாலை 55 கிலோமீட்டர். துவாஸிலிருந்து சாங்கி வரை உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். நம் தீவில் அந்தத் தூரத்துக்குள் அறுபது லட்சம் பேரும் அவர்களுடைய போக்குவரத்து விளக்குகளும் அடங்கிவிடும். இங்கே ஒரு விளக்கு இல்லை. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் மலை, எதிரே மேகம். அந்த மேகத்துக்குள் 3,724 மீட்டர் உயரத்தில் ஆவ்ராக்கி இருப்பதாகச் சொன்னார்கள். மவுண்ட் குக் என்றும் பெயர். 1851-ல் ஒரு பிரிட்டிஷ் கப்பல் தலைவர் கேப்டன் குக்கின் நினைவாக வைத்தது; அந்த குக் தம் வாழ்நாளில் இந்த மலையைக் கண்ணால் கண்டதே இல்லை. இரண்டு நாள் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, குக்கோடு எங்களுக்கு ஒரு சொந்தம் ஏற்பட்டது.

மலை 1991-க்கு முன் இன்னும் உயரமாக இருந்ததாம். அந்த வருட டிசம்பரில் ஒரு நள்ளிரவில் உச்சி இடிந்து விழுந்து பத்து மீட்டர் போயிற்று. பிறகும் பனி தேய்ந்துகொண்டே வந்து, மறுபடி அளந்தபோது இன்னும் குறைந்திருந்தது. "வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்" என்றார் அத்தை, முதுகை நிமிர்த்திக்கொண்டு.

பார்வையாளர் மையத்தில், தெற்குத் தீவின் மாவோரிகளான ஙாய் தாஹு மக்களின் கதையைப் பிள்ளைகள் படித்துவிட்டு வந்து சொன்னார்கள். ஆவ்ராக்கியும் அவன் சகோதரர்களும் வானத்தந்தையின் பிள்ளைகள். ஒரு படகில் ஏறி ஊர் சுற்ற வந்தார்கள். படகு திட்டில் தட்டிச் சாய்ந்தது. தப்பிக்க எல்லாரும் படகின் உயர்ந்த பக்கம் ஏறி உட்கார்ந்தார்கள்; தெற்குக் காற்று வீசி அப்படியே உறைந்து கல்லானார்கள். படகுதான் தெற்குத் தீவு. சகோதரர்கள்தான் மலைகள். மூத்தவன்தான் எல்லாரையும்விட உயரம். அந்த மக்களுக்கு அது மூதாதையின் தலை என்பதால், ஏறுகிறவர்களை உச்சியில் மிதிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறார்கள். குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருக்கும் இடம் என்று வளர்ந்த அத்தைக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மேகத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். மகனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். ஒரே வண்டியில் குடும்பமாக ஊர் சுற்றக் கிளம்பி, கல்லாகப் போன அந்தச் சகோதரர்கள் வழியில் சண்டை போட்டிருப்பார்களா?

"வண்டி யாரு ஓட்டினாங்கிறதைப் பொறுத்தது" என்றாள் மகள்.

கீயா என்றொரு மலைக்கிளி அங்கே உண்டு. பச்சை உடம்பு, கத்தி மூக்கு, வம்புக் குணம். வண்டிக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரைப் பிய்த்துத் தின்பதில் அலாதி ஆசை. அத்தைக்குச் சாப்பிடுமுன் காக்கைக்கு ஒரு உருண்டை வைக்கும் பழக்கம். காக்கை இல்லாத ஊரில் எதை அழைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு, கூரையில் வந்து குதித்த கீயாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. தயிர்ச்சாதத்தோடு கதவைத் திறந்தார். கீழே பெரிய பலகை: கீயாவுக்கு உணவு கொடுக்காதீர்கள். "இங்கயுமா?" என்றார். சிங்கப்பூரில் 2020 முதல் காட்டுப் பறவைகளுக்குத் தீனி போடக் கூடாது. அந்த ஒரு சட்டம் வந்த நாளிலிருந்து அத்தைக்கும் அரசாங்கத்துக்கும் பேச்சுவார்த்தை சரியில்லை. இங்கே பித்ருக்களே நேரில் வந்து ரப்பர் தின்றுகொண்டிருக்க, ஒரு பிடி சோறு வைக்க முடியவில்லை. இவர் துடைப்பத்தோடு கீழே நின்று கூரையைப் பார்த்து அதட்டினார். கீயா அவரைத் தலைசாய்த்துப் பார்த்துவிட்டு வைப்பரைப் பிய்க்கத் தொடங்கியது.

அன்றிரவு தங்கியது ஏரியின் தலைமாட்டில் ஒரு கேரவன் பார்க். குளிர் மூன்று டிகிரிக்கு இறங்கும் என்றார்கள். மாவு புளிக்க வேண்டுமே என்ற கவலை அத்தைக்கு. இருந்ததிலேயே கனமான கம்பளியை மாவுப் பாத்திரத்துக்குச் சுற்றி, வெந்நீர்ப் பையை அணைவாக வைத்து, தன் கட்டிலிலேயே பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். வெப்பமூட்டியின் வாயும் அந்தப் பக்கம் திருப்பப்பட்டது. பரணில் பிள்ளைகள் தொப்பியும் காலுறையுமாக நடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, பாட்டிக்கு நாங்க முக்கியமா மாவு முக்கியமா?"

"கேட்டுடாதே. பதில் தெரிஞ்சுடும்."

நள்ளிரவுக்குப் பிறகு எப்போதோ விழிப்பு வந்தது. காலடியில் கடுகு நொறுங்கும் மெல்லிய சத்தம். யாரோ நடக்கிறார்கள். அந்தக் குறுகிய கதவு, யாரும் திறக்கக் கூடாது என்று தீர்ப்பான கதவு, மிக மெதுவாகத் திறந்து மிக மெதுவாக மூடியது. வெளியே வெட்டவெளியில் முந்நூறு அடி தள்ளிப் பொதுக் கழிப்பறை, உள்ளே வெதுவெதுப்பு. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். மருமகள்களுக்குச் சில நேரங்களில் தூக்கம் வந்துவிட வேண்டும்.

சட்டம் போட்டவரே மீறிவிட்டார் என்ற செய்தி அந்த இருட்டில் எப்படியோ எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மகன் இறங்கினான். பிறகு மகள். பிறகு, சொல்வதற்கென்ன, நானும். விடியும்போது உள்ளே ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பெட்டி நிரம்பிவிட்டது.

காலை ஆறு மணி. இவர் எழுந்து, தலையில் டார்ச்சைக் கட்டி, கழுவிக் கொடுத்த ராணுவ பூட்ஸை மாட்டி, கையுறை போட்டு, வண்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து பெட்டியை இழுத்தார். கொட்டும் நிலையம் பார்க்கின் மறுகோடியில், ஏரியைப் பார்த்தாற்போல். சரளைக் கல்லில் சக்கரம் உருளாது என்பதால் இரண்டு கையாலும் தூக்கி, நெஞ்சோடு அணைத்தபடி நடந்தார். பீரங்கிக் குண்டு தூக்கிய அனுபவம் நடையில் தெரிந்தது.

அவர் பாதி தூரம் போனபோது மேகம் விலகியது. ஒரு முன்னறிவிப்பும் இல்லை. ஏரிக்கு மேலே, வானத்தில் நாங்கள் தேடிய உயரத்தைவிட எவ்வளவோ மேலே, உச்சியில் காலை வெயில் பட்டு ஆவ்ராக்கி முழுசாக நின்றது. பரணிலிருந்து மகள் கத்தினாள். மகன் செருப்பில்லாமல் வெளியே ஓடினான். அத்தை மாவுப் பாத்திரத்தை இடுப்பில் வைத்தபடியே இறங்கி வந்து "முருகா" என்றார். இவர் நின்று திரும்பி, பெட்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். மகள் படம் எடுத்துத் தள்ளினாள்.

பத்தே நிமிடத்தில் மறுபடி மேகம். எடுத்ததிலேயே நல்ல படத்தை அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பிவிட்டாள். பொன்னிற உச்சி, நீல ஏரி, நடுவில் பெட்டியை அணைத்தபடி அப்பா. செம்பவாங், ஈசூன், ஜொகூர், பினாங்கு, காரைக்குடி என்று எல்லா ஊரிலிருந்தும் கைகூப்பும் பொம்மைகள் வந்து குவிந்தன. இட்லி வேகும் வரைக்கும் இவர் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். பினாங்குப் பெரியப்பா மட்டும் கொஞ்சம் நீளமாக எழுதியிருந்தார்: "அருமையான மலை. பாக்கவே கண்ணு போதல தம்பி. கையில வச்சிருக்கிற கூலர் பாக்ஸ் நல்லா திடமா இருக்கே. அங்க என்ன விலை? வரும்போது எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா."